பெரட்டுக் களமும் வேதப் புத்தகமும்

கெடாவில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். வெள்ளியும் சனியும்தான் அந்த மாநிலத்தின் வார விடுமுறை. ஞாயிறு காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கிறது, அரசு அலுவலகங்கள் திறக்கின்றன. பினாங்கிலிருந்து பட்டர்வொர்த் வழியாக வடக்கே போகிறவர்களுக்கு மூடா ஆற்றைத் தாண்டியதுமே நாட்காட்டி மாறிவிடுகிறது. ஆற்றுக்குத் தெற்கே ஞாயிறு ஓய்வுநாள். வடக்கே அது வாரத்தின் முதல் வேலைநாள். ஞாயிறு ஆராதனையை நடுவில் வைத்து வாரத்தைக் கட்டிக்கொண்ட சமயத்தார் பலர் இங்கே அதிகாலையிலோ வேலை முடிந்த மாலையிலோ கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் தொகையும் சிறிது. 2010 கணக்கெடுப்பின்படி கெடா மக்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நாடு முழுதும் எடுத்துக்கொண்டாலும் மலேசிய இந்தியர்களில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினரே கிறிஸ்தவர்கள். இப்படி இருக்கையில், தமிழ் வேதாகமம் கெடாத் தமிழர்களின் பண்பாட்டுக்கும் பொதுவாழ்வுக்கும் என்ன செய்தது என்று கேட்பது பொருளற்ற கேள்வியாகத் தோன்றலாம். தலைகளை எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு நூலின் பாதிப்பை அதை நம்புகிறவர்களின் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது. படிப்பு எட்டாதிருந்த உழைப்பாளிகள் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று உரைநடையைச் சத்தமாக வாசிப்பது, வாசித்ததைப் பற்றிப் பேசுவது, நடந்ததைப் பதிவேட்டில் எழுதி வைப்பது ஆகிய மூன்று பழக்கங்களைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தவற்றுள் அந்தப் புத்தகம் முக்கியமான ஒன்று. அந்தப் பழக்கங்கள் கோயில் சுவருக்குள் நின்றுவிடவில்லை என்பதே நான் சொல்ல வருவது.

இந்த மண்ணுக்கு நூல்கள் எப்போதும் கடல் வழியாகவே வந்திருக்கின்றன. மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் குனோங் ஜெராய் மலையடியில் கிடக்கும் கோயில் அடித்தளங்களைப் பார்க்கிறவர்களுக்கு இது விளங்கும். 1025இல் முதலாம் இராசேந்திரனின் படை வந்த கடாரம் இதுதான். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் பௌத்த வாசகம் பொறித்த கல்லை இந்தக் கரையில் விட்டுப்போயிருக்கிறான். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைக் கண்டெடுத்தார். விவிலியமும் இப்படித்தான் வந்தது, ஆனால் மொழிக்கு மொழி வேறு வேறு காலத்தில். மத்தேயு நற்செய்தி 1612இல் மலாயில் பெயர்க்கப்பட்டு 1629இல் அச்சேறியது. ஐரோப்பாவுக்கு வெளியே வழங்கும் மொழிகளில் மிக முந்தி அச்சான விவிலியப் பகுதிகளில் ஒன்று அது. தமிழுக்கு ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்க வேண்டியிருந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1715இல் முழுமையடைந்தது. இந்த இரு மொழிகளுக்கும் இடையே நின்ற ஒருவரை இங்கே நினைக்கத்தான் வேண்டும். மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா தமிழ் வழிவந்த முஸ்லிம். மலாக்காவில் தமிழும் படித்தவர். மதபோதகர்களின் மலாய் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். கடைசிவரை தம் சமயத்தில் உறுதியாக இருந்தவர். வேறு சமயத்தின் நூலோடு மல்லுக்கட்டிய உழைப்பு ஒருவருடைய சொந்த மொழியின் உரைநடைக்கு எப்படி உரமாகிறது என்பதற்கு அவரைவிட நல்ல சான்று இந்தத் தீபகற்பத்தில் இல்லை.

கெடாவுக்குத் தமிழ் வேதாகமத்தைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1909 வரை கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அதன் பின் பிரிட்டிஷ் பிடி இறுக, ரப்பர் விலை ஏற, கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடு அழிந்து பால்மரம் நிரை நிரையாக எழுந்தது. கங்காணிமார் கூட்டிவந்த தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காட்டுக் குடும்பங்களுக்கிடையே சில குடும்பங்களின் தகரப் பெட்டியில் அந்தப் புத்தகம் இருந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துக் கிராணி (எழுத்தர்) வேலைக்கு வந்தவர்களிடமும், மலையாளக் கிறிஸ்தவக் கிராணிகளிடமும் அது வேறு அட்டையில் இருந்தது. லயங்கள் என்ற தோட்டத்து வரிசைவீடுகளில் குடியிருந்தவர்கள் இவர்களுக்கு வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும்: வேதக்காரர். அவர்கள் கோயில் வேதக்கோயில். ஊரையோ சாதியையோ தெய்வத்தையோ வைத்து அடையாளம் சொல்லும் நம் வழக்கத்தில், ஒரு கூட்டத்தாரைப் புத்தகத்தை வைத்து அழைத்தது அரிது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் முதலில் பட்டது அவர்கள் கும்பிடும் முறையைவிட அவர்கள் கையில் இருந்த நூல்தான் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

அந்த நூல் தோட்டத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்பதற்கு ஓர் உவமையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையில் ஆள் எடுக்கப் போகிறான். பொழுது ஏறின பிறகும் போகிறான். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையிலும் போகிறான். அந்தியில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிறான். விடியலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். நகரத்துச் சபையில் இதற்கு விளக்கவுரை வேண்டும். பாடாங் செராய்த் தோட்டத்தில் எதற்கு? பால் நன்றாக வடிவது வெயில் ஏறுமுன். ஆகவே இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு. மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட, செக்ரோல் என்ற வருகைக் கணக்கில் குறி விழும். மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் வெட்டில்லை. வெட்டில்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் முன்னால், வேலை கிடைக்காமல் அந்திவரை நின்ற ஆளுக்கும் வயிறு ஒன்றுதான் என்று ஒரு முதலாளி நினைத்ததாக வாசிக்கப்படுகிறது. கூலிக்காரனின் கூலியைப் பொழுது அடையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற மோசேயின் சட்டமும் அதே புத்தகத்தில் இருக்கிறது. இவை பரலோகத்தைப் பற்றிய பேச்சு என்று உபதேசியார் எவ்வளவு சொன்னாலும், கேட்கிறவர்கள் காதில் இவை கூலியைப் பற்றிய பேச்சாகவும் விழாமல் இருக்க முடியாது. நியாயமான கூலி எது என்ற கேள்வியைத் தன் மொழியில், தன் வேலையின் சொற்களிலேயே கேட்க அந்த வாசிப்பு இடம் தந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. அதே புத்தகத்தைத் தோட்ட மேலாளரான துரையும் வைத்திருந்தார். பங்களாவில் அவர் படித்த விவிலியம் செக்ரோலில் ஒரு காசைக்கூடக் கூட்டவில்லை. கெடாத் தோட்டங்களில் தொழிலாளர்கள் தாங்களே எழுந்து நின்ற பெரிய நிகழ்ச்சி வேதக்கோயிலிலிருந்து பிறக்கவும் இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது; இளைஞர்களைக் கட்டுப்பாட்டோடு அணிவகுக்க வைத்தது. 1947 தொடக்கத்தில் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. அந்த இயக்கத்துக்கு ஊட்டம் தந்தவை இந்திய விடுதலைப் போராட்டமும், நேதாஜியின் படையில் கற்ற ஒழுங்கும், சமூகச் சீர்திருத்தப் பேச்சும். குடியை எதிர்த்துப் பல காலமாகப் பிரசங்கம் செய்துவந்த சபைகள், குடியை எதிர்த்துத் தொழிலாளி தெருவில் இறங்கியபோது அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கவில்லை. இதை மழுப்பக் கூடாது. புத்தகத்தில் எகிப்தின் அடிமை வேலையிலிருந்து ஒரு கூட்டம் வெளியேறும் கதை இருந்தும், அதை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெரட்டுக்கு ஒழுங்காகப் போகும் நல்ல ஆட்களாகவே இருக்கப் பழக்கப்பட்டார்கள். ஆகவே வேதாகமம்தான் தோட்டத் தொழிலாளியை விழிக்கச் செய்தது என்று எவராவது சொன்னால் அது உண்மையில்லை. நான் சொல்வது அதைவிடச் சிறியது, ஆனால் உறுதியாகச் சொல்லக் கூடியது: கூட்டம் கூடுவது, வாசிப்பது, பேசுவது, கணக்குக் காட்டுவது என்ற பொதுவாழ்வின் கருவிகளைப் பட்டறையில் அடித்தவர்களில் வேதக்காரர்களும் உண்டு. கருவியை எடுத்துப் போரிட்டவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்.

கருவி கைமாறிய வழியை இந்தியப் பெருங்கடலுக்கு அக்கரையில் தேட வேண்டும். 1850இல் வெளிவந்த ஒரு தமிழ் வேதாகமத்தைப் பெர்சிவல் பாதிரியாருக்கு உடனிருந்து செம்மை செய்தவர் யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர். அந்தப் பெயர்ப்பு நிலைக்கவில்லை. 1871இல் போவர் தலைமையில் வந்த பெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளில் நிலைத்தது, இன்றும் பல வீடுகளில் அதுவே வேதம். ஆனால் நாவலர் அந்த வேலையிலிருந்து சும்மா திரும்பவில்லை. அச்சகம் தொடங்கினார், புராணங்களை வசன நடையில் எழுதினார், சமயத்தை வினாவிடையாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அந்த வேதாகமம் வெளிவருமுன்பே, 1847 முடிவில், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பாதிரிமாரை எதிர்க்கப் பாதிரிமாரின் வடிவங்களையே எடுத்தாண்டார். அந்த வடிவங்கள் யாழ்ப்பாணத்தவரோடும் சைவ நூல்களோடும் மலாயா வந்தன. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடக்கும் சமய வகுப்பு, பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் தேவார வகுப்பு, 1965இல் அமைந்த மலேசிய இந்து சங்கம் ஊர் ஊராக நடத்தும் திருமுறை ஓதும் விழா ஆகியவற்றின் பொருள் முழுக்கச் சைவம். வகுப்பு, பாடநூல், பரிசு, பேச்சு என்ற அமைப்பு மட்டும் அந்த 19ஆம் நூற்றாண்டு மோதலில் உருவானது. இதை இரவல் என்று கூசவும் வேண்டாம், வெற்றி என்று வேதக்காரர்கள் கொண்டாடவும் வேண்டாம். இரு தரப்பும் ஒரே உரைநடையைக் கூர்தீட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

அந்த உரைநடையே தமிழில்லை, வடமொழிச் சொற்கள் மண்டிய பாதிரித் தமிழ் என்று ஒரு குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. ஞானஸ்நானம், பரிசுத்தம், சுவிசேஷம், கிருபை என்று அடுக்கிக்காட்டினால் மறுக்க முடியாது. தனித்தமிழ் உணர்ச்சி வளர்ந்த பின் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு இந்தச் சொற்களில் பலவற்றை மாற்றியது. கத்தோலிக்கக் கோயில்களில் அது ஒலிக்கிறது. மற்றச் சபைகள் பெரும்பாலும் பழைய பெயர்ப்பை விடவில்லை. தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் இது பிடிவாதம். கெடாவில் இருந்து பார்த்தால் கதை வேறு. இங்கே பிள்ளை மலாயில் இடைநிலைக் கல்வி படிக்கிறது, ஆங்கிலத்தில் மேலே படிக்கிறது, தமிழை வீட்டில் பேசுகிறது. தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு நீண்ட தமிழ் உரைநடையை வாரந்தோறும் வாய்விட்டு வாசிக்க ஒரு பெரியவருக்கு எத்தனை இடங்கள் இருக்கின்றன? வேதப் பகுதியை வாசிக்க எழுந்து நிற்கும் லாரி ஓட்டுநர் அல்லது தொழிற்சாலைப் பெண் அந்த இடத்தில் தட்டுத்தடுமாறியாவது ஒரு முழு அதிகாரத்தைத் தமிழில் வாசித்து முடிக்கிறார். சில சபைகளில் பாட்டை ரோமன் எழுத்தில் திரையில் காட்டும் நிலை வந்துவிட்டது. அதுதான் எனக்குக் கவலை தருகிறது, வடமொழிச் சொற்களைவிட. எழுத்தே போய்விட்டால் எந்தச் சொல் தூயது என்ற விவாதத்துக்கு இடமில்லை.

சாதியைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் நூலுக்கும் அதை வைத்திருந்தவர்களுக்கும் இடையில் இருந்த பள்ளம் இங்கேதான் ஆழம். தாயகத்துச் சபைகளில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியபோது தஞ்சையில் பெரும் எதிர்ப்பு மூண்டது. மாபெரும் கவிஞரான வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார். லைப்சிக் மிஷன் அந்த வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டது. மலாயாவின் தமிழ் லுத்தரன் சபைக்கு மூலவேர் அந்த மிஷன்தான். தோட்டத்திலும் சாதிக்குத் தக்கபடி லயம் ஒதுக்கிய நாட்கள் உண்டு. பிறகு புத்தகம் என்ன செய்தது? தன்னை வைத்திருந்தவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ணும் சடங்கை வாசித்துவிட்டுத் தனிப் பாத்திரம் கேட்பவரை, பக்கத்தில் இருப்பவர் அதே பக்கத்தைத் திறந்து காட்டிக் கேள்வி கேட்கலாம். நூல் எல்லார் கையிலும் இருப்பதன் பயன் இதுவே. பெரியவர் வாய்ச்சொல்லை மறுக்க முடியாது. அச்சில் இருப்பதை யாரும் எடுத்துக்காட்ட முடியும். கேள்வி கேட்டவர்கள் குறைவாக இருந்திருக்கலாம். கேட்பதற்கு ஆதாரம் அவர்கள் மடியிலேயே இருந்தது.

சுங்கை பட்டாணிக்குள் வந்தால் தோட்டத்தின் கதை தாமான்கள் என்ற நகரக் குடியிருப்புகளின் கதையாகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, லயங்களை விட்டவர்கள் இந்த நகரத்தின் ஓரங்களில் குடியேறினார்கள். கிறிஸ்து அரசர் கத்தோலிக்க ஆலயம், கான்வென்ட் ஃபாதர் பாரே பள்ளி, தெரசாள் பெயர் தாங்கிய பள்ளி என்று பழைய நிறுவனங்கள் ஒருபுறம். கடைவீட்டு மாடிகளில் கூடும் புதிய தமிழ்ச் சபைகள் மறுபுறம். இந்த நகரத்துக்குப் பொருத்தமான ஒரு பழைய வழக்கம் ஓலை வாசித்தல். திருமணம் நிச்சயமானால், மணமக்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் ஊரையும் மூன்று வாரம் அடுத்தடுத்துச் சபையில் வாசிப்பார்கள். தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். ஓலை போய்க் காகிதம் வந்தும் பெயர் மாறவில்லை. 1982இல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், முஸ்லிமல்லாதவர்களுக்கு ஒருதார மணத்தையும் கட்டாயப் பதிவையும் கொண்டுவந்தபோது, பதிவதிகாரி ஒட்டிவைக்கும் அறிவிப்புக்கு 21 நாள் விதித்தது. மூன்று வாரத்துக்கும் 21 நாளுக்கும் கணக்கு ஒன்றே. ஆங்கிலத் திருச்சபை வழக்கம் சட்டமாகி வந்த வழி அது. கோயிலில் தாலி கட்டி ஊர்ச் சாட்சியோடு வாழ்ந்து, பதிவு இல்லாததால் கைவிடப்பட்டபோது நிரூபிக்க வழியின்றி நின்ற பெண்களின் துயரத்தை நினைத்தால், பெயரை வெளிப்படையாக வாசித்து ஏட்டில் எழுதும் அந்தப் பழக்கத்தின் மதிப்பு தெரியும். அறுப்பின் பண்டிகையும் இத்தகையதே. முதற்பலனைக் கோயிலுக்குக் கொண்டுவரச் சொல்லும் பழைய ஏற்பாட்டு வழக்கம், சொந்த நிலமில்லாத லயத்து மக்கள் கையில் வேறு உரு எடுத்தது. மரத்துப் பால் கம்பெனிக்கு. ஆகவே கொல்லையில் வளர்ந்த முருங்கைக்காயும் பூசணியும் கோழியும் வரும். அவற்றை ஏலம் விடுவார்கள். வந்த தொகையை எல்லார் முன்னும் வாசிப்பார்கள்.

இவ்வளவும் தமிழுக்குள்ளேயே நடக்கிறது என்பதும் உண்மை. இஸ்லாமியரிடம் பிற சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கெடாவில் 1988 முதல் உண்டு. மலாய்மொழிக் கிறிஸ்தவ வெளியீடுகளில் கடவுளைக் குறிக்கும் சொல்லைப் பற்றிய வழக்கு நாட்டை ஆண்டுக்கணக்கில் உலுக்கியது. தமிழ் வேதாகமத்தின் தேவனும் கர்த்தரும் அந்தச் சச்சரவில் சிக்கவில்லை. அந்தப் பாதுகாப்பே ஒரு வேலியும் ஆயிற்று: அந்தப் புத்தகத்தின் குரல் தமிழரிடையே மட்டும் கேட்கும். இதனால் குடிமை வாழ்வில் அதற்குப் பங்கில்லை என்பார்கள் சிலர். அண்டை வீட்டு இந்துவோடு சேர்ந்து வாழ்வதும் குடிமை வாழ்வுதானே. ஆற்றுக்குத் தெற்கே புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா ஜூலை மாதம் நடக்கிறது. 1888இல் கட்டிய பழைய கோயில் குன்றுச்சரிவில் இன்னும் நிற்கிறது. அங்கே மெழுகுவர்த்தி ஏந்திப் போகிறவர்களில் கெடாவின் இந்துத் தமிழர்களும் சீனர்களும் கலந்திருக்கிறார்கள். மரியாளின் தாயான இந்த அன்னாளைப் பற்றி விவிலியத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதை யாரும் அங்கே பொருட்படுத்துவதில்லை.

கடைசியாக, புத்தகத்தின் உள்ளடக்கத்தை விட்டு அதன் வெற்றுப் பக்கங்களுக்கு வருவோம். குடும்ப வேதாகமத்தின் அட்டைக்கும் முதல் தாளுக்கும் இடையில் மையில் எழுதிய வரிகள் இருக்கும்: பிள்ளை பிறந்த நாள், ஞானஸ்நானம் கொடுத்த நாள், கொடுத்த ஐயர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தாத்தா இறந்த தோட்டத்தின் பெயர், சில வீடுகளில் கப்பலேறிய ஆண்டும். கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு இதன் பெரிய உரு. சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமை கேட்டு நின்றபோதும், 1969ஐ ஒட்டி வேலை பெர்மிட் இல்லாமல் ஆயிரக்கணக்கான தோட்டத்து இந்தியர்கள் கப்பலேறியபோதும், இன்றுவரை குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்கள் விஷயத்திலும் சிக்கல் ஒன்றே: எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தார் என்பதற்கு எழுத்தில் சான்றில்லை. தோட்டக் கணக்கு ஆளை எண்ணாக வைத்திருந்தது. வேதக்கோயில் பதிவேடு அதே ஆளைத் தகப்பன் பெயர், தாய் பெயர், நாள் என்று வைத்திருந்தது. அந்தப் பதிவேடுகளில் எத்தனையோ கறையான் தின்னும் நிலையில் இருக்கும். கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் வட்டாரத்தில் இதை வாசிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தைத் திறந்து, முன்தாளையும் பின்தாளையும் படம் எடுத்து வையுங்கள். சபைப் பொறுப்பில் இருக்கிறவர்கள் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்துச் சபைக்கு ஒரு படி, ஆவணக் காப்பகத்துக்கு ஒரு படி கொடுத்துவிடுங்கள். அடுத்த தோட்டம் விற்கப்படுவதற்குள் இதைச் செய்ய வேண்டும்.